தண்ணீர்ச் செலவு: எங்கள் அடுக்ககத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சென்னை மடிப்பாக்கத்தில் 24 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்ககத்தில் தண்ணீர்க் கணக்குப் பார்க்கும் வேலை 2019 கோடையில் என் தலையில் வந்து விழுந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம் அது. லாரி எப்போது வரும் என்ற கேள்வி அந்தக் கோடையோடு போய்விட்டது. மற்ற சந்தேகங்கள் போகவில்லை. லிஃப்டில், மாடிப்படியில், மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது என்று இன்றும் யாராவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரே பதிலை நாற்பது முறை சொல்வதற்கு ஒரு முறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் அளந்த எண்களை அப்படியே தந்திருக்கிறேன். உங்கள் வீட்டில் கொஞ்சம் கூடும், குறையும்.

ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி ஆகும்? நாங்க அதிகமா செலவு பண்றோமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். நாலு பேர் வீட்டுக்கு 540 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் லாரி ஒரு குடும்பத்துக்கு 22 நாள் வரும். எங்கள் 24 வீட்டுக்கு ஒரு நாள்கூட முழுசாக வராது. 2019இல் வீட்டுக்கு 300 லிட்டரில் ஓட்டினோம். முடிந்தது. சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் கணக்கைத் தெரிந்துகொள்ள மீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு லிட்டர் பாட்டிலும் கைபேசியில் உள்ள கடிகாரமும் போதும். நீங்கள் வழக்கமாகத் திறக்கும் அளவுக்குக் குழாயைத் திறந்து, பாட்டில் நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். எங்கள் வாஷ்பேசினில் 5 விநாடி. அப்படியென்றால் நிமிடத்துக்கு 12 லிட்டர். இந்த ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

பல் தேய்க்கும்போது குழாயை மூடுன்னு சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றீங்களே, அதுல என்ன பெரிசா மிச்சமாகிடும்?

நிமிடத்துக்கு 12 லிட்டர், மூன்று நிமிடம் தேய்த்தால் 36 லிட்டர். ஏறக்குறைய இரண்டு வாளி, அதுவும் ஒரு ஆளுக்கு. வேறு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

வாளியில குளிக்கிறது மிச்சமா, ஷவரா? வீட்டுல தினமும் சண்டை.

வாளி. பெரிய வாளி 20 லிட்டர் என்பார்கள். விளிம்பு வரை யாரும் பிடிப்பதில்லை, 18 என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண ஷவர் நிமிடத்துக்கு 10 லிட்டராவது கொட்டும். இரண்டு நிமிடத்தில் வாளிக் கணக்கைத் தாண்டிவிடும். ஆனால் சோப்புப் போடும்போது ஷவரை நிறுத்துகிறவர், ஒரு வாளி தீர்ந்ததும் இன்னொரு வாளி பிடிக்கிறவரைவிடக் குறைவாகத்தான் செலவு செய்கிறார். என் மகன் அப்படி ஷவரில் குளிப்பவன், நான் ஒன்றரை வாளி. அதனால் எங்கள் வீட்டுச் சண்டையில் எனக்குப் பேச வாயில்லை.

எண்ணெய்க் குளியல் அன்றைக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். சீயக்காய் போக வேண்டும், எண்ணெய் போக வேண்டும், அதற்கு ஆகிற தண்ணீர் ஆகத்தான் செய்யும். ஹீட்டரில் வெந்நீர் வருவதற்கு முன்னால் குழாயில் நிற்கும் பச்சைத் தண்ணீரைத் தரையில் விடாமல் வாளியில் பிடித்துவிடுங்கள். எப்படியும் வெந்நீருக்கு விளாவத் தேவைப்படும்.

குழாய் முனையில மாட்டுற வலை மாதிரி ஒண்ணு விக்கிறாங்களே, அது நிஜமாவே வேலை செய்யுமா?

ஏரேட்டரைக் கேட்கிறீர்கள். தண்ணீரோடு காற்றைக் கலந்து விடுவதால் குறைந்த தண்ணீரே நிறைய வருவதுபோல் தெரியும். எங்கள் பேசினில் 12 லிட்டர் 5 லிட்டராக இறங்கியது. கை கழுவுவதில் வித்தியாசம் தெரியவில்லை. போர்த் தண்ணீர் வரும் வீட்டில் இரண்டு மூன்று மாதத்தில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். கழற்றி, வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகிவிடும். வாளி, குடம் பிடிக்கிற குழாயில் மட்டும் மாட்டாதீர்கள். வாளிக்கு வேண்டியது அதே 18 லிட்டர்தான். நின்றுகொண்டிருக்கும் நேரம்தான் கூடும்.

அதை வாங்குவதற்கு முன்னால் பைசா செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. பேசினுக்குக் கீழே குனிந்து பாருங்கள், சுவரிலிருந்து குழாய் வரும் இடத்தில் ஆங்கிள் காக் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைப் பாதி மூடிவிடுங்கள். தரைத்தளத்திலும் முதல் மாடியிலும் இருப்பவர்களுக்கு இது மிகவும் தேவை. மாடித் தொட்டியிலிருந்து இறங்கி வரும் தண்ணீர் கீழ் வீடுகளில்தான் பீய்ச்சி அடிக்கும்.

ஃப்ளஷ் டேங்குல செங்கல் போட்டா மிச்சமாகும்னு சொல்றாங்க. போடலாமா?

செங்கல் வேண்டாம். ஊறி, உதிர்ந்து, அந்தத் தூள் வால்வில் போய்ச் சிக்கும். அப்புறம் அடுத்த கேள்வியில் வரும் தொல்லை ஆரம்பிக்கும். பழைய பெரிய டேங்காக இருந்தால் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மூடி, மிதவையில் இடிக்காமல் ஒரு மூலையில் நிறுத்தலாம். ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிச்சம். சிறிசு, பெரிசு என்று இரண்டு பொத்தான் உள்ள டேங்கில் எதையும் போடாதீர்கள். அது ஏற்கெனவே 3 லிட்டர், 6 லிட்டர் என்று அளந்து செய்தது. அதிலும் குறைத்தால் இரண்டு முறை அழுத்துவீர்கள், மிச்சம் பிடித்ததும் போய்விடும். எது சிறிசு, எது பெரிசு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டு வருடம் இரண்டு பொத்தானையும் சேர்த்தே அழுத்திக்கொண்டிருந்தோம்.

நாங்க ரெண்டே பேர், எல்லாத்தையும் பார்த்துப் பார்த்துச் செலவு பண்றோம். ஆனாலும் மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கு. எங்கே போகுது?

பெரும்பாலும் கழிவறையில்தான். எங்கள் மூன்றாவது மாடியில் இப்படித்தான் நடந்தது. கணவன் மனைவி இருவரும் காய்கறி கழுவிய தண்ணீரைக்கூடச் செடிக்கு ஊற்றுகிறவர்கள். ராத்திரி பத்து மணிக்கு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைக் குறித்துவைக்கச் சொன்னேன். காலையில் பார்த்தால் 90 லிட்டர் ஓடியிருக்கிறது. சொட்டும் சத்தம் இல்லை, தரையில் ஈரமும் இல்லை.

வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தை எடுத்துக்கொண்டு போனேன். விருந்தினர் அறையை ஒட்டிய கழிவறையில் ஃப்ளஷ் டேங்கின் மூடியைத் திறந்து பத்துச் சொட்டு விட்டுவிட்டு, யாரும் அழுத்தாமல் கால் மணி நேரம் காப்பி குடித்தோம். திரும்பி வந்து பார்த்தால் பீங்கானின் பின்பக்கச் சுவரில் நூல் மாதிரி ஒரு நீலக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் வழிகிறதென்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. நீலம் கலந்ததால் தெரிந்தது. டேங்கின் அடியில் உள்ள ரப்பர் இறுகிப் போயிருந்தது. மாற்றுவதற்கு பிளம்பருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் பயன்படுத்தாத கழிவறைதான் வீட்டிலேயே அதிகத் தண்ணீர் குடித்திருக்கிறது.

சொட்டும் குழாய்க்கும் இதே மாதிரி அளந்து பாருங்கள். அடியில் ஒரு லிட்டர் பாட்டில் வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் நிரம்பினால் ஒரு நாளைக்கு 12 லிட்டர், மாதத்துக்கு 360. என்னிடம் ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரமிருக்கிறது, எதைச் செய்வது என்று கேட்டால், ஷவரையும் வாளியையும் விட்டுவிட்டு இந்த நீலத்தைப் போய் விடுங்கள் என்பேன்.

பாத்திரம் தேய்க்கிற அக்கா குழாயை மூடுறதே இல்ல. எப்படிச் சொல்றது?

முதலில் ஒரு நாள் நீங்கள் தேய்த்துப் பாருங்கள். காய்ந்துபோன சாம்பார்ச் சட்டியையும் இட்லித் தட்டையும் கொடுத்துவிட்டு, தண்ணீரையும் குறை, நேரத்தையும் குறை என்றால் நடக்காது. அவருக்கு இன்னும் மூன்று வீடு இருக்கிறது. சாப்பிட்டதும் பாத்திரத்தில் ஒரு கை தண்ணீர் விட்டு ஊறப்போடுவது நம் வேலை. அது நடந்தாலே பாதித் தண்ணீர் மிச்சம்.

எங்கள் வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் டப் வாங்கி வைத்தோம். எல்லாவற்றையும் குழாயை மூடிவிட்டுத் தேய்த்து அடுக்கி, முதல் டப்பில் ஒரு முக்கு, இரண்டாவது டப்பில் ஒரு அலசல். யோசனையும் எங்கள் அக்காவுடையதுதான். அவர் வீட்டில் தெருக்குழாயில் பிடிக்கும் குடத் தண்ணீர்தான். அங்கே அவர் இப்படித்தான் செய்கிறார். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க அவருக்கு நாம் சொல்லிக்கொடுப்பது கொஞ்சம் வெட்கமான விஷயம்.

அரிசி களைந்த தண்ணி, கஞ்சி எல்லாம் என்ன பண்றது?

முதல் களைநீரில் தூசி இருக்கும், செடிக்கு ஊற்றுங்கள். இரண்டாவது களைநீரில் புளி கரைக்கலாம். குழம்புக்கு நன்றாகவே இருக்கும். ஊரில் கழுநீர்த் தொட்டி என்று ஒன்று இருந்தது, எல்லாம் மாட்டுக்குப் போகும். அடுக்ககத்தில் மாடு இல்லை, துளசிச் செடி இருக்கிறது. சோறு வடிக்கிறவர்கள் கஞ்சியை உப்புப் போட்டுக் குடிக்கலாம், பருத்திப் புடவைக்கும் போடலாம். காய்கறியைக் குழாயடியில் காட்டாமல் பாத்திரத்தில் போட்டுக் கழுவினால் போதும்.

வாஷிங் மெஷின் எவ்வளவு தண்ணி இழுக்கும்? கையால துவைச்சா குறையுமா?

மேலே திறக்கும் மெஷின் ஒரு முழுச் சுற்றுக்கு 100 லிட்டரைத் தாண்டுவது சாதாரணம். முன்பக்கம் திறப்பது ஏறக்குறைய அதில் பாதியில் முடித்துவிடும். கையால் துவைப்பது குறைவா என்பது துவைப்பவரைப் பொறுத்தது. ஓடும் குழாயடியில் அலசினால் மெஷினே தேவலை.

மெஷின் நிறையத் துணி சேர்ந்ததும் போடுங்கள். நாலு துணிக்காக ஓட்டாதீர்கள். பவுடரைக் குறையுங்கள். நுரை போகவில்லை என்று இன்னொரு முறை அலசல் வைப்பதில்தான் தண்ணீர் போகிறது. கடைசி அலசல் தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவாகவே இருக்கும். வெளியேற்றும் குழாயை வாளிக்குள் விட்டுப் பிடித்தால் பாத்ரூம் கழுவவும் கழிவறையில் ஊற்றவும் ஆகும். மெஷின் தண்ணீரைத் தள்ளும் வேகம் அதிகம். முதல் தடவை பக்கத்திலேயே நில்லுங்கள்.

ஆர்.ஓ. மெஷின்ல வெளியே போற தண்ணியைப் பார்த்தா வயிறு எரியுது. என்ன செய்யலாம்?

எங்கள் மெஷினில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வெளியே போகிறது. குடிக்க, சமைக்க 15 லிட்டர் என்றால் 45 லிட்டர் சாக்கடைக்கு. முதல் கேள்வி, உங்களுக்கு ஆர்.ஓ. தேவையா என்பது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பேனா அளவில் கடையில் கிடைக்கும். யாரிடமாவது கடன் வாங்கி அளந்து பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்க அளவு. உப்பு அதற்குக் கீழே இருந்தால், அதை எடுப்பதற்கென்று ஆர்.ஓ. வேண்டியதில்லை. ஆனால் அந்த எண் கிருமியைக் காட்டாது, கொதிக்கவைப்பதோ யு.வி. வடிப்பானோ வேண்டும். எங்கள் போர்த் தண்ணீர் 1,400. எங்களுக்கு வேறு வழியில்லை.

வெளியே வரும் தண்ணீரில் கிருமியைவிட உப்புதான் பிரச்சினை. வீடு துடைக்க, கழிவறைக்கு, பாத்திரத்தின் முதல் கழுவலுக்கு எல்லாம் தாராளமாக ஆகும். வாசல் தெளிக்கவும் நான் அதைத்தான் எடுக்கிறேன். தொட்டிச் செடிக்குத் தினமும் ஊற்றினால் மண்ணில் உப்புச் சேர்ந்து இலை நுனி கருகும். என் கறிவேப்பிலை அப்படித்தான் போனது.

நேத்துப் பிடிச்ச தண்ணியைக் கொட்டிட்டுப் புதுசு பிடிக்கணும்னு அம்மா சொல்றாங்க. கொசு வரும்னு வேற சொல்றாங்க.

அம்மா சொல்வதில் பாதி சரி. மூடி வைத்த தண்ணீர் ஒரே ராத்திரியில் கெட்டுப்போகாது, கொட்டத் தேவையில்லை. அவருக்கு மனசு கேட்காவிட்டால் பழைய தண்ணீரைத் துவைக்க எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கொசு விஷயம் உண்மை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் டிரம்மையும் தொட்டியையும் வாரம் ஒரு முறை காலி செய்வது மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்க்கவும் வேண்டும். முட்டை நீர்மட்டத்தை ஒட்டிச் சுவரில் பிடித்திருக்கும்; தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரியும். கழுவும் நாளுக்கு முந்தின நாளே தண்ணீரைச் செலவழித்துக்கொண்டு வந்தால் கொட்ட வேண்டியிருக்காது. சம்ப் கழுவுவதற்கும் இதே வழிதான்.

குளிச்ச தண்ணியைச் செடிக்கு விடலாமா? ஏ.சி. தண்ணியை?

குளித்த தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும் தென்னைக்கும் நன்றாகவே போகும். ஊர்ப்பக்கம் குளியலறைக்குப் பின்னால் வாழை நிற்பது சும்மா இல்லை. தேக்கி வைக்காதீர்கள், மறுநாளே நாறும். கீரைக்கும், பச்சையாகச் சாப்பிடுகிற எதற்கும் வேண்டாம். சமையலறைத் தொட்டித் தண்ணீரில் எண்ணெய் இருப்பதால் அதையும் தவிருங்கள்.

ஏ.சி. தண்ணீரில் உப்பு இல்லை, செடிக்கு நல்லது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு ராத்திரியில் அரை வாளியாவது சேரும். குடிக்கக் கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் ஊற்றாதீர்கள். ஏ.சி.க்குள் இருக்கும் தூசியையெல்லாம் கழுவிக்கொண்டுதான் அது வருகிறது.

எங்க வீட்டுல மழைநீர்த் தொட்டி 2003லயே கட்டியாச்சு. இன்னும் என்ன செய்யணும்?

தமிழ்நாட்டில் அந்த ஆண்டுதான் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. கட்டியது இன்னும் வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. மொட்டை மாடியில் இரண்டு வாளி தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கீழே ஓடிவந்து பாருங்கள். எங்கள் கட்டடத்தில் அது தெருவுக்குப் போனது. பெயின்ட் அடித்தபோது குழாயைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவே இல்லை, எத்தனை மழை போனதோ!

சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி. ஆயிரம் சதுர அடி மாடி என்றால் 93 சதுர மீட்டர்; ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். மொத்தம் 1,30,000 லிட்டர். வீணாவது போக ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எட்டு லாரி. முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள், அதில் காக்கை எச்சமும் தூசியும் இருக்கும். குழியில் உள்ள மணலையும் ஜல்லியையும் செப்டம்பரிலேயே எடுத்துக் கழுவிப் போடுங்கள். எங்கள் பக்கம் தாழ்வான இடம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அருகில். மழைக்காலத்தில் குழி தானே நிரம்பி நிற்கும், நிலம் குடிக்காது. அதனால் வடிகட்டி வைத்து நேராகச் சம்புக்கு விட்டோம். மேட்டுப் பகுதியில் இருப்பவர்களுக்குக் கிணற்றிலோ போரிலோ இறக்குவது சரி.

கடல் தண்ணியைத்தான் குடிநீராக்குறாங்களே, இனிமே எதுக்கு இவ்வளவு சிக்கனம்?

ஆக்குகிறார்கள். மீஞ்சூரில் 2010இல் நாளுக்கு 10 கோடி லிட்டருக்கு ஒரு நிலையம் வந்தது, நெம்மேலியில் 2013இல் இன்னொரு 10 கோடிக்கு, அங்கேயே 2024இல் மேலும் 15 கோடிக்கு ஒரு நிலையம். ஆனால் ஆயிரம் லிட்டர் உப்பு நீக்க மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் ஆகும். முதல் பதிலில் சொன்ன 540 லிட்டருக்குத் தினமும் ஏறக்குறைய இரண்டு யூனிட். அந்தத் தண்ணீரில் ஒரு வாளியை மூன்றாவது மாடிக் கழிவறை குடித்தால் கரன்ட்டும் சேர்ந்துதான் போகிறது.

நான் மிச்சம் பிடிச்சா பக்கத்து வீட்டு போர்தானே இழுத்துக்கும்? அதோட விவசாயம்தான் அதிகம் எடுக்குதுன்னு சொல்றாங்க.

இரண்டும் உண்மை. நாட்டில் எடுக்கும் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் விவசாயத்துக்குத்தான் போகிறது. நீங்கள் குழாயை மூடுவதால் அந்தக் கணக்கு மாறாது. ஆனால் உங்கள் லாரிச் செலவு மாறும், அதை வேறு யாரும் கட்டப் போவதில்லை.

போர் விஷயத்தில், ஒரே இளநீரில் நாலு பேர் ஸ்ட்ரா போட்ட கதைதான். நான் மெதுவாகக் குடித்தால் மற்றவன் குடித்துவிடுவான் என்பது சரியான பயம். எல்லோரும் வேகமாக இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மீஞ்சூர்ப் பக்கமே சாட்சி. அங்கே அளவுக்கு மீறி நிலத்தடி நீரை எடுத்ததில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்து கிணறுகள் உப்பாகிவிட்டன. நான் ஒரு ஆளாக இதைத் தீர்க்க முடியாது. எங்கள் தெருவில் ஐந்து அடுக்ககங்கள் பேசி, ராத்திரி பதினொன்றுக்கு மேல் யாரும் போர் மோட்டார் போடுவதில்லை என்று ஒரு முடிவுக்கு வந்தோம். நாலு பேர் கடைப்பிடிக்கிறார்கள்.

நான் தனி ஆள். ஆறு பேர் இருக்கிற வீட்டுக்கும் எனக்கும் லாரிப் பணம் ஒண்ணேதானா?

நியாயமான கோபம். வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்தால் தீரும். பழைய கட்டடங்களில் சிக்கல் என்னவென்றால், மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கு ஒரு குழாய், ஒவ்வொரு கழிவறைக்கும் ஒரு குழாய் என்று தனித்தனியாக இறங்கும். ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர் போதாது, மூன்று நான்கு வேண்டும். விலை கேட்டதும் கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்துபோனார்கள்.

இப்போதைக்கு ஆள் கணக்கில் பிரிக்கிறோம். சரியான கணக்கு இல்லை. மேலே சொன்ன கழிவறை மாதிரி யார் வீட்டில் வீணாகிறது என்று அதில் தெரியாது. ஆறு வீட்டுக்காரர்கள் மட்டும் சொந்தச் செலவில் மீட்டர் மாட்டியிருக்கிறார்கள். மற்ற 18 வீட்டுக்கும் என்ன செலவாகும் என்ற தாள் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது, பக்கத்திலேயே ஒரு சொட்டு நீலப் பாட்டிலையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். எடுத்துப் போனால் திரும்ப வைத்துவிடுங்கள். இது மூன்றாவது பாட்டில்.